60 லிட்டர் மீன் தொட்டிக்கு 25 வாட் ஹீட்டர் போதுமா?

தொட்டி சூடாகவில்லை, ஹீட்டர் பழுதா என்று கேட்கிறீர்கள். ஹீட்டர் பழுதாகவில்லை, அதற்குச் சக்தி போதவில்லை. ஹீட்டரின் விளக்கு அணையாமல் எரிந்தும் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டவில்லை என்கிறீர்களே, அதுவே சாட்சி. லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. ஆனால் முக்கியமானது அறையின் குளிர்தான். உங்கள் அறை இரவில் 18 டிகிரி, ஃபைட்டர் மீனுக்கோ 26 வேண்டும். இந்த 8 டிகிரி வித்தியாசத்துக்கு 75 வாட் வாங்குங்கள், 50 இழுபறிதான். மூடி இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், நிறையச் சூடு மேலேதான் போகிறது.

200 வாட் வேண்டவே வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அணையாமல் ஒட்டிக்கொண்டால் மீன் வெந்துவிடும் (எனக்கு ஒருமுறை நடந்தது). ஹீட்டரை ஃபில்டர் தண்ணீர் விழும் பக்கம் பொருத்துங்கள். அப்புறம், தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.