ஸ்பிண்டில் மோல்டர்: சுங்கை சிப்புட் தச்சர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டோடு பட்டறை வைத்துக் கதவு, அலமாரி, சாமி மேடை செய்பவர்கள் கேட்டவை இவை. மேசை நடுவே நிற்கும் தண்டில் கட்டரைப் பூட்டி மோல்டிங் (விளிம்பு அலங்காரம்), காடி (நீளப் பள்ளம்), மேடு வைத்த பேனல் (நடுப்பகுதி உயர்ந்து நிற்கும் கதவுப் பலகை) எல்லாம் வெட்டுகிற ஸ்பிண்டில் மோல்டரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஐயா, மூடிப்போன நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து பழைய மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் கரண்டைத் துண்டித்துவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் பேரிங் போய்விட்டது. மாற்றலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். பிறகு டயல் கேஜை மேசையில் வைத்துத் தண்டின் மேல்பகுதியைத் தொட்டுச் சுற்றுங்கள். முள் 0.03 மில்லிமீட்டருக்குள் ஆடினால் நல்லது. 0.1 ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது, அந்த மிஷினை விட்டுவிடுங்கள்.

அடுத்து தண்டின் விட்டம். இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம். 30 மில்லிமீட்டர் தண்டும் உண்டு, ஒன்றேகால் அங்குலத் தண்டும் உண்டு. ஒன்றேகால் அங்குலம் என்றால் 31.75 மில்லிமீட்டர். அந்தத் துளையுள்ள கட்டர் 30 தண்டில் சுலபமாக இறங்கிவிடும், ஆனால் நடுவில் நிற்காது. ஒரு பக்கக் கத்தி மட்டும் வெட்டும், மிஷின் அதிரும். தகரத்தைச் சுருட்டி இடைவெளியை அடைக்காதீர்கள். அதற்கென்று கடைந்த புஷ் (இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்) விற்கிறார்கள், அதைப் போடுங்கள்.

கரண்ட் விஷயம். தொழிற்சாலை மிஷின் 415 வோல்ட், மூன்று ஃபேஸ். வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ். மோட்டார் தகட்டில் 240/415 என்று போட்டிருந்தால், உள்ளே டெல்டா இணைப்புக்கு மாற்றி இன்வெர்ட்டர் (ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கும் கருவி) வழியாக ஓட்டலாம். 415 மட்டும்தான் போட்டிருந்தால் சாதாரண இன்வெர்ட்டர் உதவாது. இணைப்பை உரிமம் உள்ள வயர்மேன்தான் செய்யவேண்டும். செய்து முடித்ததும் கட்டரைப் பூட்டாமல் ஒரு நொடி ஓட்டித் தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். இரண்டு வயர் இடம் மாறினாலே தண்டு எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படிச் சுற்றும்போது பூட்டு வாஷர் இல்லையென்றால் மேல் நட்டு தானாகக் கழன்று வரும், கட்டரும் கூடவே வரும்.

மிஷினில் 4500, 6000, 8000, 10000 என்று நான்கு வேகம் இருக்கிறது. எந்தக் கட்டருக்கு எது?

கட்டரின் நுனி நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுங்கள். 40-க்கும் 70-க்கும் நடுவில் வரவேண்டும். 125 மில்லிமீட்டர் கட்டர் 6000-இல் ஓடினால் 39, கிட்டத்தட்டச் சரி. அதையே 8000-இல் ஓட்டினால் 52, நல்ல வெட்டு. 180 மில்லிமீட்டர் பெரிய கட்டரை 10000-இல் போட்டால் 94. இது கொலை.

மெதுவாக ஓட்டினால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. 40-க்குக் கீழே போனால் கத்தி மரத்தைச் சீவாமல் கடித்து இழுக்கும், கட்டை பின்னால் உதைக்கும். இரண்டு பக்கமும் எல்லை உண்டு. கட்டரின் மேலேயே உச்ச வேகம் பொறித்திருக்கும், அதைத் தாண்டவே கூடாது. எண் எதுவும் இல்லாத கட்டரைத் தண்டில் ஏற்றவேண்டாம்.

அண்ணே, கையில் பிடித்து மரத்தில் காடியும் விளிம்பும் வெட்டும் ராவுட்டரை மேசைக்கு அடியில் மாட்டினால் போதாதா?

மாதத்துக்கு இரண்டு அலமாரிக் கதவு என்றால் போதும். வாரத்துக்கு இருபது கதவு என்றால் போதாது.

மேடு வைத்த பேனல் கதவை முதலிலிருந்து கடைசிவரை எந்த வரிசையில் வெட்டவேண்டும்? அளவோடு சொன்னால் நல்லது.

450-க்கு 700 மில்லிமீட்டர் அலமாரிக் கதவு என்று வைத்துக்கொள்வோம். சட்டம் 60 அகலம், 20 கனம். காடி 10 ஆழம், 6 அகலம். நெட்டுச் சட்டம் இரண்டும் 700 நீளம். குறுக்குச் சட்டத்துக்கு 450-இலிருந்து 120-ஐக் கழித்து, இரண்டு முனையும் காடிக்குள் போக 20-ஐக் கூட்டுங்கள். 350 வரும்.

முதல் வெட்டு குறுக்குச் சட்டத்தின் முனைகள். சட்டத்தை மேசையில் ஓடும் சறுக்குப் பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்னால் ஒரு கழிவுக் கட்டையை முட்டுக்கொடுங்கள். அது இல்லையென்றால் கத்தி வெளியேறும் இடத்தில் நார் பிய்ந்து வரும். கொஞ்சம் பிய்ந்தாலும் கவலையில்லை. அடுத்து அந்தச் சட்டத்தின் நீள விளிம்பில் மோல்டிங்கும் காடியும் வெட்டும்போது பிய்ந்த இடம் போய்விடும். முனை முதலில், நீளம் பிறகு என்பது அதனால்தான். சட்டங்கள் எல்லாவற்றையும் முகம் கீழே என்றால் கீழே, மேலே என்றால் மேலே, ஒரே மாதிரி வைத்து வெட்டுங்கள். ஒன்றைப் புரட்டினால் கதவில் படி விழும்.

வெட்டத் தொடங்குமுன் அதே கனமுள்ள இரண்டு கழிவுத் துண்டில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். முகம் இரண்டும் விரல் தடவினால் தெரியாத அளவுக்குச் சமமாக இருக்கவேண்டும். அரை மில்லிமீட்டர் தப்பினால் தண்டின் உயரத்தை அரை மில்லிமீட்டர் மாற்றுங்கள்.

பேனலுக்கு நார் நீளவாக்கில் நிற்கவேண்டும். காடிக்குக் காடி 350 என்றாலும் பேனலை 344 அகலம் வெட்டுங்கள், பக்கத்துக்கு 3 விடுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் மரம் அகலத்தில் ஊதும். நீளத்தில் ஊதாது, காடிக்குக் காடி 600-க்கு 598 போதும். பேனலைப் பசைபோட்டுக் காடியில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் குளிர்சாதன அறைக்குள் போன சில மாதத்தில் நடுவே பிளக்கும்.

பேனலின் நான்கு பக்கத்தில் முனை நார் உள்ள இரண்டு பக்கம் முதலில், நீளப் பக்கம் கடைசியில். காரணம் மேலே சொன்னதுதான். ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் எடுக்கவே கூடாது. மூன்று ஓட்டம் வையுங்கள். கடைசி ஓட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அந்த ஓட்டத்தில்தான் முகம் வழுவழுப்பாக வரும்.

மேலிருந்து பார்த்தால் தண்டு இடஞ்சுழியாகச் சுற்றும்போது கட்டையை வலமிருந்து இடமாகத் தள்ளுகிறோம். அதாவது கத்தியின் ஓட்டத்துக்கு எதிராக. கூடவே தள்ளினால் கத்தி கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகும், கையும் கட்டையோடு போகும்.

பேனல் வெட்டும்போது கட்டர் பலகைக்கு மேலேயா, கீழேயா?

கீழே. முகத்தைக் கீழே கவிழ்த்து வைத்து வெட்டுங்கள். கத்தி பலகைக்கு அடியில் மறைந்திருக்கும். தள்ளும்போது பலகை கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் கத்தியை விட்டு விலகித்தான் போகும். திரும்ப ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். கட்டர் மேலே இருந்தால், தூக்கிய பலகை நேரே கத்திக்குள் போய்க் குழி விழும்.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டர் மேலே இருந்தால்தான் நாக்கின் (காடிக்குள் நுழையும் பேனல் விளிம்பின்) கனம் எல்லாப் பேனலிலும் ஒரே மாதிரி வரும். கோலகங்சார் பக்கம் எங்கள் பட்டறையில் அப்படித்தான் செய்கிறோம்.

உங்கள் கணக்கு சரி. பலகையின் முதுகு மேசையில் படும்போது, மேசைக்கும் கத்திக்கும் உள்ள தூரம்தான் நாக்கின் கனம். பலகை 18 இருந்தாலும் 19 இருந்தாலும் நாக்கு 6-தான். கவிழ்த்து வெட்டினால் அந்த ஒரு மில்லிமீட்டர் நாக்கில் போய்ச் சேரும், காடியில் நுழையாது.

ஆனால் அது பலகையின் கனம் மாறுவதால் வரும் கோளாறு. கனத்தைச் சீவிச் சமமாக்கும் பிளேனரில் எல்லாப் பேனலையும் ஒரே அமைப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி எடுத்தால் வித்தியாசம் 0.1-க்குள் நிற்கும். கோளாறை அது பிறந்த இடத்தில் தீர்க்கவேண்டும். அதற்காகக் கத்தியை மேலே கொண்டுவரக் கூடாது.

நான் வேறொரு பட்டறைக்காரன், நானும் சொல்கிறேன். சிறு பட்டறையில் பிளேனர் எல்லோரிடமும் இல்லை. மரக்கடையில் சீவிக்கொடுப்பது ஒன்று 18, ஒன்று 18.6. அவர்களுக்கு என்ன வழி?

நல்ல கேள்வி. கவிழ்த்து வெட்டி முடித்தபின் நாக்கு கனமாக இருக்கும் பேனல்களை மட்டும் ஒதுக்குங்கள். நேர் கட்டரைப் பூட்டி, அதையும் மேசையோடு தாழ்வாக வைத்து, பேனலைத் திருப்பி முதுகுப் பக்கம் விளிம்பில் 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேலதிகக் கனத்தை எடுத்துவிடுங்கள். முதுகு யார் கண்ணிலும் படாது. இரண்டு வெட்டிலும் கத்தி அடியிலேயே இருக்கும்.

கோலகங்சாரிலிருந்து மறுபடியும். எங்களிடம் பலகையைத் தானே தள்ளும் மூன்று சக்கர ஃபீடர் இருக்கிறது. அது பலகையை அழுத்திப் பிடிக்கும்போது தூக்குவதற்கே வழியில்லை. அப்போதும் கீழேதானா?

ஃபீடர் இருந்தால் நீங்கள் செய்வதில் குற்றமில்லை. முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் பேசியிருக்கவேண்டாம். சக்கரங்கள் பலகையின் மேற்பரப்பைவிட 3 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். ஃபீடரில் பலகை வெளியேறும் பக்கத்தை ஃபென்ஸ் (பலகை ஒட்டி ஓடும் நேர்த்தடுப்பு) பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், பலகை ஃபென்ஸை விட்டு விலகாது. நிமிடத்துக்கு 4 முதல் 6 மீட்டர் தள்ளினால் போதும். கையால் தள்ளுகிறவர்களுக்கு என் பதில் மாறவில்லை: கீழே.

ரப்பர் மரத்தில் மோல்டிங் வெட்டினால் பஞ்சு பஞ்சாக எழும்புகிறது. கத்தி புதிதுதான்.

இது கத்தியின் குற்றமில்லை. சாய்ந்து வளர்ந்த ரப்பர் மரத்தின் ஒரு பக்கத்தில் இழுவிசையில் வளரும் நார் உண்டு. அது வெட்டுப்படாமல் கிழிந்து எழும்பும். ஈரம் அதிகமென்றால் இன்னும் மோசம். மீட்டரில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வெட்டவேண்டாம். கடைசி ஓட்டம் அரை மில்லிமீட்டராக வையுங்கள். வெட்டியபின் நீர்த்த சீலர் ஒரு கோட் அடித்துக் காயவிட்டால் எழும்பிய நார் விறைத்துக்கொள்ளும். பிறகு 240 நம்பர் தாளால் தேயுங்கள், உதிர்ந்துவிடும். அதிகம் எழும்பும் துண்டுகளைப் பொறுக்கி முதுகுப் பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் கட்டை வாங்கும்போது போரோன் மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள். ஏற்றாத கட்டையில் சில மாதத்தில் பொடிவண்டு இறங்கும். மரம் சாய்த்த சில நாளுக்குள் அறுத்து மருந்து ஏற்றாவிட்டால் நீலம் பூக்கும். தோட்டத்தில் மறுநடவுக்கு வெட்டிப்போட்ட மரத்தைச் சும்மா கிடைக்கிறதே என்று இழுத்துவந்து, ஒரு மாதம் கழித்து அறுத்துக் கதவு செய்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வெளிக்கதவுக்கு ரப்பர் மரமே வேண்டாம்.

கெருயிங் வெட்டினால் கத்தி சீக்கிரம் மழுங்குகிறது.

அந்த மரத்தில் சிலிக்கா இருக்கிறது, பிசினும் இருக்கிறது. கார்பைடு கத்திதான் தாங்கும். ஒட்டிய பிசினைத் தினமும் துடையுங்கள்.

ராவுட்டர் போதுமா?

மேலே சொல்லிவிட்டேன்.

சாமி மேடைக்கு 100 மில்லிமீட்டர் நீளத்தில் சின்னச் சின்ன மோல்டிங் துண்டு வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கலாமா?

கூடாது. கையுறையின் நூல் ஒன்று கத்தியில் மாட்டினால் விரல் முழுவதும் உள்ளே போகும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிறும் அப்படித்தான். கழற்ற மனமில்லையென்றால் இறுக்கமான முழங்கைப் பட்டைக்குள் ஏற்றிவிட்டு மிஷினைத் தொடுங்கள்.

300-க்குக் குறைவான துண்டைக் கையில் பிடித்து வெட்டவே வேண்டாம். ஒரு மீட்டர் நீளமும் 100 அகலமும் உள்ள பலகையின் விளிம்பில் மோல்டிங்கை வெட்டுங்கள். பிறகு அந்த விளிம்பை மேசை ரம்பத்தில் அறுத்துப் பிரித்து, கடைசியில் 100 நீளமாக நறுக்குங்கள்.

வளைவு வைத்த கதவு வெட்டத் தொடங்கியதும் கட்டை எகிறிவிட்டது.

வளைவில் ஃபென்ஸ் இல்லை. கட்டரோடு இருக்கும் பேரிங்கில் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை டெம்ப்ளேட் (வளைவின் வடிவில் வெட்டிய மாதிரி) உரசி ஓடவேண்டும். டெம்ப்ளேட் கட்டையைவிட முன்னும் பின்னும் 50 மில்லிமீட்டர் நீண்டிருக்கட்டும். கட்டை கத்தியைத் தொடுமுன்பே டெம்ப்ளேட் பேரிங்கைத் தொட்டுவிடும். மேசையில் தொடக்க ஊசியைக் குத்தி அதில் சாய்த்துத்தான் உள்ளே நுழையவேண்டும். முனையிலிருந்து நேராகக் குத்தி நுழைந்ததால்தான் எகிறியது. வளையமாகச் சுற்றிவரும் காப்பையும் கழற்றாதீர்கள்.

இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறேன். சட்டம் ஏதாவது கேட்குமா?

கேட்கும். 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ரத்தாகிவிட்டது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம்தான் இப்போது உங்கள் பட்டறைக்கும். என்னென்ன செய்யவேண்டும் என்று ஈப்போவிலுள்ள ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்தில் கேளுங்கள். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பங்களிப்பையும் கட்டிவிடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. 100 மில்லிமீட்டர் குழாயோடு தூசு உறிஞ்சியை ஃபென்ஸுக்குப் பின்னால் இணைத்துவிடுங்கள்.

மெர்பாவ் மரத்தில் கருகிய கோடு விழுகிறது.

நடுவில் நிறுத்தித் தள்ளுகிறீர்கள். கை மாற்றும்போதும் கட்டை நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். அப்படியும் கருகினால் கத்தி மழுங்கியிருக்கிறது.

விளிம்பு முழுவதையும் எடுத்தால் கட்டையின் கடைசி அங்குலத்தில் பள்ளம் விழுகிறது. ஏன்?

வெளியேறும் பக்கத்து ஃபென்ஸை முன்னால் கொண்டுவரவில்லை. 2 மில்லிமீட்டர் எடுத்தால் அந்தப் பக்கம் 2 மில்லிமீட்டர் முன்னே வரவேண்டும். விளிம்பில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் மோல்டிங்குக்கு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

ராவுட்டர் கொலெட்டை (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பிடியை) ஸ்பிண்டில் மோல்டரில் மாட்டி ராவுட்டர் பிட் ஓட்டலாமா?

மாட்டலாம், வெட்டு சுத்தமாக வராது. சின்ன பிட்டுக்கு 18000-க்கு மேல் வேண்டும், மிஷின் 10000-தான் தரும். இன்று ராவுட்டர் பற்றிக் கடைசியாக இதற்குத்தான் பதில்.

அண்ணே, பழைய இரும்புக் கடையில் இரண்டு வட்டத் தகடு கிடைத்தது. உள்பக்கம் பள்ளம் இருக்கிறது. நடுவில் கத்தியை வைத்து நட்டை இறுக்கினால் எந்த வடிவமும் வெட்டலாம் என்கிறார்கள். கத்தியை நானே தீட்டிக்கொள்வேன்.

தம்பி, அதை மாட்டாதீர்கள். அந்தத் தகடுகளில் கத்தியைப் பிடித்திருப்பது உராய்வு மட்டும்தான். இரண்டு கத்தியின் அகலத்தில் முடி அளவு வித்தியாசம் இருந்தாலும் ஒன்றுதான் இறுகும், மற்றொன்று சும்மா நிற்கும். 6000 சுற்றில் அது பறந்தால் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும்.

உங்களுக்குப் பல வடிவம் வேண்டுமென்றால் ஊசி வைத்த கட்டர் பிளாக் வாங்குங்கள். 4 மில்லிமீட்டர் கனக் கத்தியில் இரண்டு துளை இருக்கும், அந்தத் துளை பிளாக்கின் ஊசியில் உட்காரும். பிறகு ஆப்பு வைத்துப் பூட்டுவார்கள். இறுக்கம் தளர்ந்தாலும் கத்தி வெளியே வரமுடியாது. கத்திக்கு முன்னால் லிமிட்டர் என்று இன்னொரு ஜோடித் தகடு வரும். கத்தி அதைவிட 1.1 மில்லிமீட்டர்தான் வெளியே நீட்டும், அதனால் ஒரு கடியில் அதற்கு மேல் கடிக்காது. கையால் தள்ளும் வேலைக்கு ஏற்ற பிளாக்கில் ‘மேன்’ (MAN) என்ற மூன்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். ‘மெக்’ (MEC) என்று இருந்தால் ஃபீடருக்கு மட்டும்.

பிளாக் ஒன்று வாங்கினால் போதும், கத்தி ஜோடிகளை வேலைக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த இரும்புத் தகடுகளை வேறு யாரும் எடுத்துப் பூட்டாதபடி கிரைண்டரால் இரண்டாக அறுத்துவிடுங்கள்.