சனிக்கிழமையை மகனுக்கு விட்டுக்கொடுங்கள்

கேள்வி: நாங்கள் டல்லாஸ்காரர்கள். எனக்கும் கணவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலி, ஆனால் இப்போது எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள்தான். 9 வயது மகனும் 6 வயது மகளும் அங்கேயே பிறந்தவர்கள். கணவரின் வேலைக்காக இரண்டு வருடத்துக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்திருக்கிறோம். 'ஊர் திரும்புவதற்குள் ஐரோப்பா முழுக்கப் பார்த்துவிட வேண்டும்' என்று அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்களைக் கிளப்பிவிடுகிறார். ஸ்ட்ராஸ்பூர்க், சூரிச், பாரிஸ், மிலான் என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஞாயிறு இரவு திரும்பினால் வீட்டில் பால் இருக்காது, கடையும் திறந்திருக்காது. துணி துவைக்கப் போட்டால் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். மாடிப்படி கூட்டவில்லை என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மகனுக்கு ஒரு நண்பன்கூட இல்லை, வெள்ளிக்கிழமை வந்தாலே அழுகிறான். கணவரோ 'இந்த வாய்ப்பு மறுபடி கிடைக்குமா?' என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட வேண்டாம், ஸ்டுட்கார்ட்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடை, துணி, மாடிப்படி, மகன் என்று தனித்தனிக் கவலைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இவை எல்லாம் ஒரே கவலையாகத்தான் தெரிகின்றன. சனி ஞாயிறு நீங்கள் வீட்டில் இருப்பதில்லை. நீங்கள் இருக்கும் ஊரிலோ அக்கம்பக்கம், சிநேகிதம், குடும்பம் எல்லாம் பெரும்பாலும் நடப்பது அந்த இரண்டு நாளில்தான்.

முதலில் அந்த மாடிப்படிச் சீட்டு. ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் இதைக் 'கேர்வோகெ' என்பார்கள். அடுக்குமாடியில் ஒரு வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும், முறை வந்தவர் வீட்டு வாசலில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையைக் கூட்டும் முறையும் தனியாக உண்டு. நிறையப் பேர் இதைச் சனிக்கிழமை செய்வார்கள், அன்றைக்குப் பார்த்து நீங்கள் சூரிச்சில் இருக்கிறீர்கள். அவர்களுக்குத் தூசியைவிட, 'எல்லோரும் செய்வதை இவர்கள் மட்டும் செய்வதில்லை' என்பதுதான் உறுத்தும். அதனால் அவர்களுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வியாழக்கிழமை மாலையே துடைத்துவிடுங்கள், அதுவும் முடியாத வாரம் பக்கத்து வீட்டில் போய் 'முறையை மாற்றிக்கொள்ளலாமா?' என்று கேளுங்கள். அப்படிப் போய்க் கேட்பதிலேயே பாதி மனத்தாங்கல் தீர்ந்துவிடும்.

துணி விஷயமும் அப்படித்தான். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரைக்கும், அப்புறம் ஞாயிறு முழு நாளும் அமைதி நேரம். வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டு விதிகள் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், எடுத்துப் படியுங்கள். ஞாயிறு இட்லிக்கான சட்னியை முந்தின நாளே அரைத்து வைத்துவிடலாம் (டல்லாஸ் மிக்ஸியை இங்கே செருகிவிடாதீர்கள், அது 120 வோல்ட், இங்கே 230, புகைந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும், அப்படியே ஓடும்). பால், காய்கறியைச் சனிக்கிழமைக்குள் வாங்கி வையுங்கள். அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்கும் ஞாயிறு அன்றும் திறந்திருக்கும், விலைதான் கூட.

இப்போது மகனுக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பவும் வருத்தியது அவன் அழுவதுதான். 9 வயதில் மொழி தெரியாத வகுப்பறையில் காலையெல்லாம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பெரியவர்களுக்குப் பல நேரம் தெரிவதில்லை, அந்தக் களைப்போடு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறவனை மறுபடி பெட்டியும் கையுமாக இன்னொரு மொழி பேசும் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனால் அவன் எப்போதுதான் இளைப்பாறுவான்? அமெரிக்காவில் பிள்ளைகளின் விளையாட்டு, இசைக்குழு எல்லாம் பெரும்பாலும் பள்ளியோடு சேர்ந்தே இருக்கும். ஜெர்மனியில் அப்படி இல்லை. கால்பந்து, நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் 'ஃபெரைன்' எனப்படும் ஊர் சங்கங்களில்தான். வாரநாளில் பயிற்சி, வார இறுதியில் போட்டி. பிறந்தநாள் விருந்துகளும் பல நேரம் வார இறுதியில்தான் வரும், பல நாள் முன்பே அழைப்பு கொடுத்துவிடுவார்கள். இரண்டு முறை 'நாங்கள் ஊரில் இல்லை' என்று சொன்னால் மூன்றாவது முறை கூப்பிட மாட்டார்கள். அவனுக்கு நண்பன் இல்லாததற்குக் காரணம் மொழி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பந்து உதைக்க ஜெர்மன் தேவையில்லை, உதைத்துக்கொண்டே இருந்தால் ஜெர்மனும் வந்துவிடும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். டல்லாஸிலிருந்து ஹூஸ்டன் போகவே காரில் கிட்டத்தட்ட 4 மணி நேரம். ஸ்டுட்கார்ட்டில் ரயிலேறினால் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பாரிஸ். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அவர் அமெரிக்கக் கணக்கிலேயே லீவைப் பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் சம்பளத்தோடு லீவு தரச் சொல்லி மத்திய சட்டம் எதுவும் இல்லை, கிடைத்த சில நாளில் எல்லாவற்றையும் அடக்கிப் பழகிவிட்டோம். ஜெர்மன் ஒப்பந்தத்தில் வேலை என்றால் வாரம் 5 நாள் வேலைக்கு வருடம் 20 நாள் சட்டப்படியே உண்டு, 30 நாள் தரும் நிறுவனங்களும் ஏராளம். போதாததற்கு ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 12 பொது விடுமுறைகள். அதில் சில எப்போதும் வியாழக்கிழமையே வரும், வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் கையில். அவர் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார், எத்தனை நாள் மிச்சம் என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதைப் பள்ளி நாள்காட்டியோடு சேர்த்து வையுங்கள். இலையுதிர் காலத்தில் ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம், ஈஸ்டர், மே-ஜூனில் இரண்டு வார விடுமுறை, ஜூலை கடைசியிலிருந்து ஆறு வாரத்துக்கு மேல் கோடை லீவு. இரண்டு வருடத்துக்கு இதுவே தாராளம். ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு நாள் என்று பறக்காமல் ஒரே இடத்தில் சமையலறையோடு வீடு எடுத்து ஒரு வாரம் தங்குங்கள். லீவுக்கு முந்தின நாள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி விமானம் ஏறுவது மட்டும் வேண்டாம். இங்கே பள்ளிக்குப் போவது சட்டக் கடமை, பக்கத்து மாநிலமான பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் விசாரித்திருக்கிறது, அபராதமும் உண்டு.

மற்ற சனிக்கிழமைகளில் அவர் சும்மா இருக்க மாட்டார் என்றால் அருகிலேயே போகட்டும், மாலைக்குள் திரும்பட்டும். டூபிங்கன் பழைய ஊர், நீலப் பச்சையாகத் தண்ணீர் ஊறும் பிளாவ்பொய்ரன் ஊற்று, 161.5 மீட்டர் கோபுரத்தோடு நிற்கும் உல்ம் தேவாலயம், லுட்விக்ஸ்பூர்க் அரண்மனை எல்லாம் பக்கம்தான். வகுப்பிலிருந்து ஒரு பையனையும் கூட அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

வாடகைக் கார் எடுத்துச் சுற்றுகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க லைசென்ஸ் இங்கே குடியேறிய முதல் 6 மாதம்தான் செல்லும். டெக்சாஸ் லைசென்ஸைத் தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கணவரிடம் 'நாங்கள் வரமாட்டோம்' என்று ஆரம்பிக்காதீர்கள், சண்டையில்தான் முடியும். விடுமுறைப் பட்டியலை மேசையில் விரித்து அவர் ஆசைப்படும் ஊர்களை அவரையே அதில் நிரப்பச் சொல்லுங்கள். அப்புறம், மகன் பக்கத்தில் இருக்கும்போதே, மாதத்தில் மூன்று சனிக்கிழமை அவனுக்கு என்று கேளுங்கள். இரண்டுக்கு இறங்கி வந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பிடித்த விளையாட்டு எது என்று இந்த வாரமே கேட்டு, பக்கத்துச் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல சங்கங்களில் உறுப்பினராகச் சேரும் முன் ஓரிரு பயிற்சிக்கு இலவசமாக வந்து பார்க்க விடுவார்கள். முதல் நாள் அவனோடு அப்பா போகட்டும்.