வீட்டிலேயே சிக்கன் நூடுல்ஸ் சூப் செய்வது எப்படி? ஃப்ரெஷ் ஹெர்ப்ஸ் போட்டே ஆக வேண்டுமா?

பாக்கெட் பொடியைக் கரைக்காமல் கோழியிலிருந்தே இந்த சூப்பை வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ந்த ஹெர்ப்ஸ் டப்பா கையில் இருக்கும்போது பச்சை இலை எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். தைம் காய்ந்ததாக இருந்தால் பரவாயில்லை. பார்ஸ்லியும் டில்லும் பச்சையாகத்தான் வேண்டும். அவை இல்லாவிட்டாலும் சூப் வரும், ஆனால் நான் சொல்லப்போகிற சூப் வராது.

இதை நான் கற்றுக்கொண்டது நியூ ஜெர்சியில், ஹைலண்ட் பார்க் என்ற சின்ன ஊரில். பக்கத்திலேயே எடிசன். ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போனால் இட்லி அரிசி முதல் முருங்கைக்காய் வரை வாங்கலாம். ஹைலண்ட் பார்க்கில் யூதக் குடும்பங்கள் அதிகம். எங்கள் கீழ்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு யூதப் பாட்டி தனியாக இருந்தார். போன முதல் குளிர்காலத்திலேயே எனக்கு ஃப்ளூ வந்து நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பாட்டி தடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து, கண்ணாடி ஜாடி நிறைய சூப் கொடுத்துவிட்டுப் போனார். ஜாடியைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தது. மூடியைத் திறந்தால் பொன்னிறத் தண்ணீர், அதன் மேல் சின்னச் சின்ன வட்டமாக மிதக்கிற கொழுப்பு, பூப்போல நறுக்கிய பச்சை இலை. மூக்கு அடைத்திருந்தும் அந்த வாசனை எனக்குத் தெரிந்தது.

உடம்பு தேறியதும் அவர் சமையலறைக்குப் போய் நின்றுவிட்டேன். நமக்கு வெள்ளிக்கிழமை கவுச்சி ஆகாது. அவர்களுக்கு வெள்ளி மாலை சூரியன் சாய்வதற்குள் கோழி சூப் தயாராகிவிட வேண்டும், அவர்களுடைய வார ஓய்வு நாளான சபாத் தொடங்குகிற நேரம். அதனால் வெள்ளி மதியம்தான் எனக்குப் பாடம். யூதர்களின் உணவு விதியான கோஷர் முறை கண்டிப்பாகப் பார்க்கிற வீடு என்பதால் என் பாத்திரத்தில் சமைத்ததை அவர் சாப்பிட மாட்டார். என் பாட்டி வீட்டு ஆசாரத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. நான் முழு ஆரஞ்சுப் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போவேன், அவர் கற்றுக்கொடுப்பார்.

இந்தச் சாற்றுக்கு யித்திஷ் மொழியில் ‘கோல்டெனே யோய்க்’ என்று பெயர், தங்கச் சாறு என்று அர்த்தம். இறைச்சியையும் பாலையும் அவர்கள் சேர்ப்பதில்லை. ஆகவே வெண்ணெய், க்ரீம் எதுவும் இதில் கிடையாது. கோழியின் சொந்தக் கொழுப்புதான் ருசி. இணையத்தில் பார்க்கிற பல குறிப்புகளில் வெண்ணெயில் வதக்கு, மாவு போட்டுக் கெட்டியாக்கு என்று வரும். அது வேறு வகை. எனக்குத் தெளிந்த சாறுதான் பிடிக்கும், அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கோழி. பாட்டி வாங்குவது முட்டை போட்டு ஓய்ந்த வயசான கோழி. நம்மூரில் அது முட்டைக்கோழி என்று சில கடைகளில் கிடைக்கும். நாட்டுக்கோழி இன்னும் நல்லது, ஆனால் இரண்டரை மணி நேரம் வேக வேண்டும். பிராய்லர்தான் கிடைக்கிறது என்றால் ஒன்றேகால் கிலோ கோழியைத் தோலோடு நாலாக மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கடைக்காரர் பழக்கத்தில் தோலை உரித்துக் குழம்புத் துண்டாகப் போட்டுவிடுவார். கூடவே கழுத்து, இறக்கை, நகம் வெட்டிச் சுத்தம் செய்த பாதம் நாலைந்து கேட்டு வாங்குங்கள். பாதத்தில் சதை இல்லை, ஆனால் தோலும் தசைநாரும் நிறைய. அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெதுவாக வெந்து ஜெலட்டினாகக் கரைந்தால்தான் சாறு உதட்டில் ஒட்டுகிற மாதிரி வரும். ஆறிய சாற்றை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் ஜெல்லி மாதிரி ஆட வேண்டும். ஆடினால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

பெரிய பாத்திரத்தில் கோழியைப் போட்டு மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். கொதி வரும் நேரத்தில் சாம்பல் நிறத்தில் நுரை திரளும். பக்கத்திலேயே நின்று கரண்டியால் எடுத்துப் போட வேண்டும், பத்து நிமிஷ வேலை. நுரை நின்றதும் அடுப்பை சிம்மில் வையுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்குத் தப்புகிறது. நாம் குழம்பைத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பழகியவர்கள். இந்தச் சாறு அப்படிக் கொதித்தால் கொழுப்பு உடைந்து தண்ணீரோடு கலந்து, கழுநீர் மாதிரி கலங்கிவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் மெல்ல எழுந்து உடைய வேண்டும். பாட்டி பாத்திரத்தின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் கேட்டால் தீ அதிகம் என்பார். மூடியையும் கொஞ்சம் திறந்தே வைப்பார்.

நுரை எடுத்த பிறகு இவற்றைச் சேருங்கள்: ஒரு பெரிய வெங்காயம், தோலோடு கழுவி இரண்டாக வெட்டியது (அந்தப் பழுப்புத் தோல்தான் பொன்னிறத்தைக் கூட்டுகிறது), ஒரு கேரட், செலரி இரண்டு தண்டு, தட்டாத முழுப் பூண்டு ஆறு பல், முழு மிளகு பத்துப் பதினைந்து, கல் உப்பு ஒரு டீஸ்பூன். மீதி உப்பு கடைசியில்தான், ஏனென்றால் சாறு வற்ற வற்ற உப்பு ஏறும். பாட்டி பார்ஸ்னிப் கிழங்கும் போடுவார். இங்கே எளிதில் கிடைக்காததால் நான் விட்டுவிட்டேன்.

இப்போது இலைகள். மூலிகை என்றாலே நமக்கு நாட்டு மருந்துக்கடைதான் ஞாபகம் வரும். இவை நம் கொத்தமல்லி, புதினா மாதிரி சமையல் வாசனைக்கான இலைகள், அவ்வளவுதான். அவற்றில் இரண்டு சாதி உண்டு. தைம், பே இலை மாதிரி தடித்த, விறைத்த இலைகள் ஒரு சாதி. நேரம் எடுத்து வேகும்போதுதான் இவை வாசனையை விடும், காய்ந்தாலும் மணம் போகாது. பார்ஸ்லி, டில் போன்ற பூ மாதிரி இலைகள் இன்னொரு சாதி. இவற்றின் வாசனை எண்ணெய் சூட்டில் ஆவியாகப் பறந்துவிடும். டப்பாவில் அடைத்த காய்ந்த டில்லை முகர்ந்து பாருங்கள், வைக்கோல் வாசனைதான் வரும்.

ஆகவே தைம் ஐந்தாறு குச்சி, கிடைத்தால் பே இலை, பார்ஸ்லியின் தண்டு, டில்லின் தண்டு எல்லாவற்றையும் வெள்ளை நூலால் கட்டி முதலிலேயே சாற்றில் போடுங்கள். கட்டினால் கடைசியில் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். பார்ஸ்லி, டில்லின் இலைகளைப் பொடியாக நறுக்கித் தனியே வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்த பிறகு, கிண்ணத்தில்தான் தூவ வேண்டும். ஒரே கட்டுக் கீரையில் தண்டுக்கு ஒரு நேரம், இலைக்கு ஒரு நேரம். பாட்டியிடம் நான் கற்றதிலேயே பெரிய விஷயம் இது. கொத்தமல்லிக்கும் இதுவேதான். இப்போதெல்லாம் ரசம் வைக்கும்போது மல்லித் தண்டை நசுக்கிப் புளித்தண்ணீரோடு கொதிக்கவிட்டு, இலையை இறக்கிய பிறகு போடுகிறேன்.

பே இலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிஞ்சி இலை என்று நம் மளிகைக் கடையில் தருவது வேறு மரத்து இலை. அதில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை கிராம்பு வாசனை வரும். இந்த சூப்புக்கான இலையில் நடுவில் ஒரே நரம்பு. பிரிஞ்சி இலையைப் போட்டால் சூப் பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிடும். சரியான இலை இல்லையென்றால் விட்டுவிடுங்கள், குறை தெரியாது.

எங்கே வாங்குவது? செலரி, பார்ஸ்லி, தைம் எல்லாம் நீலகிரியில் விளைகின்றன. பெரிய ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டில் சின்னச் சின்னக் கட்டாகக் கிடைக்கும். டில் வேறு யாருமில்லை, நம் சதகுப்பைச் செடியின் கீரைதான். நான் இப்போது இருக்கும் பெங்களூரில் சப்பசிகெ சொப்பு என்று தள்ளுவண்டியிலேயே கட்டுக் கட்டாக விற்கிறார்கள். தைம் கிடைக்காதவர்கள் தொட்டியில் இருக்கிற கற்பூரவல்லி இலை ஒன்றைக் கடைசிப் பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். தைமிலும் ஓமத்திலும் இருக்கிற தைமால் வகை வாசனைதான் அதிலும். ஒன்றே ஒன்று போதும், மூன்று போட்டால் கஷாயம் ஆகிவிடும். ரோஸ்மேரி எனக்கு இதில் பிடிக்காது, மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது.

பிராய்லர் என்றால் நாற்பது நிமிஷத்தில் நெஞ்சுக்கறியை மட்டும் வெளியே எடுத்து, ஆறியதும் நாராகப் பிய்த்து வையுங்கள். அதற்கு மேல் வெந்தால் சக்கை. எலும்பைத் திரும்பச் சாற்றில் போட்டு இன்னும் ஒரு மணி நேரம். பிறகு வடிகட்டுங்கள். வெந்து குழைந்த காய்கள் சத்தையெல்லாம் சாற்றுக்குக் கொடுத்துவிட்டன, அவற்றை எடுத்துவிடலாம். புதிதாக இரண்டு கேரட்டையும் ஒரு செலரித் தண்டையும் வில்லையாக நறுக்கி, வடித்த சாற்றில் பதினைந்து நிமிஷம் வேகவைத்து, பிய்த்த கறியைச் சேர்த்து, உப்பு பாருங்கள். அவசரத்துக்குக் குக்கரிலும் செய்யலாம். நுரை எடுத்த பிறகு மூடி, ஒரு விசில் வந்ததும் சிம்மில் அரை மணி, பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள்.

நூடுல்ஸைத் தனியாக வேகவையுங்கள். முதல் தடவை நானே செய்தபோது மொத்தத்தையும் சாற்றிலேயே போட்டு இரவு அப்படியே வைத்துவிட்டேன். காலையில் திறந்தால் சாறு முழுவதையும் குடித்துவிட்டுச் சேமியா உப்புமா மாதிரி உப்பிக் கிடந்தது, இரண்டு மணி நேர உழைப்பு போயிற்று. உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டுகள் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்து உலர்த்தியவை. அந்த எண்ணெய் சாற்றில் இறங்கி வாசனையைக் கெடுக்கும். பாட்டி ‘லொக்ஷென்’ என்று மெல்லிய முட்டை நூடுல்ஸைத் தானே செய்வார். நூறு கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. கெட்டியாகப் பிசைந்து அரை மணி மூடி வைத்து, சப்பாத்திப் பலகையில் பின்பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தேயுங்கள். மாவு தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, கூர்மையான கத்தியால் மெல்லிய வளையங்களாக நறுக்கி உதறினால் இழை இழையாக விழும். உப்புத் தண்ணீரில் மூன்று நிமிஷம் போதும்.

சளிக்கு இது மருந்தா என்றும் பலர் கேட்பார்கள். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடெஸ் கோழிச்சாற்றைப் பரிந்துரைத்திருக்கிறார். ‘யூதர்களின் பென்சிலின்’ என்று இதற்குச் செல்லப் பெயரும் உண்டு. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஸ்டீபன் ரென்னார்ட் தன் மனைவி வழிப் பாட்டியின் சூப்பையே ஆய்வுக்கூடத்தில் சோதித்து 2000-இல் ‘செஸ்ட்’ இதழில் எழுதினார். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நகர்ந்து திரள்வதை அது ஓரளவு குறைத்தது. ஆனால் அது சோதனைக் குழாயில் நடந்தது, நோயாளியின் உடம்பில் அல்ல. ஆவி மூக்கைத் திறக்கிறது, உப்பும் நீரும் உடம்பில் சேர்கின்றன, ஒன்றும் இறங்காத நாளில் இது இறங்குகிறது. எனக்கு அவ்வளவு போதும். காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

இறங்குகிறது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் அப்பா. நாங்கள் ஊர் திரும்பிய வருஷம் அவருக்கு டைஃபாய்டு வந்து, தேறிய பிறகும் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுவார். ஒரு நாள் இந்தச் சாறு வைத்து, நூடுல்ஸ் கொஞ்சமாகப் போட்டு, டில்லைத் தூவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணத்தை மூக்கருகே பிடித்து, “என்னம்மா, பிள்ளை பெத்த வீட்டு வாசனை அடிக்குது?” என்றார். பிரசவ மருந்தில் சதகுப்பை சேர்ப்போம் இல்லையா, அம்மா அதை இடித்த நாட்களை அவர் மூக்கு மறக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, ரசம் குடிக்கிற மாதிரி கிண்ணத்தைத் தூக்கியே குடித்து முடித்தார். மறுநாள் காலையில், “அந்தக் கோழி ரசம் மிச்சம் இருக்கா?” என்று அவராகவே கேட்டார். குழைந்த சோற்றில் ஊற்றிக் கொடுத்தேன்.

மிச்சத்தை வைக்கும் முறை: சாறு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், நூடுல்ஸ் சேர்க்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். மேலே உறைகிற மஞ்சள் கொழுப்பை வழித்து எறியாதீர்கள், அதில் இரண்டு ஸ்பூன் சூட்டோடு திரும்பக் கலக்கட்டும். பார்ஸ்லியைப் பூங்கொத்து மாதிரி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், டில்லை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மறுபடி சுட வைக்கிற ஒவ்வொரு முறையும் இலையைப் புதிதாக நறுக்கிப் போடுங்கள்.