வேலை வழிகாட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாமக்கல் அருகே ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் வைத்த அரியரை அடுத்த செமஸ்டரிலேயே எழுதித் தேறிவிட்டேன். ஐ.டி. பக்கம் போகாமல், ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓர் உற்பத்தி நிறுவனத்தில் கிராஜுவேட் இன்ஜினீயர் டிரெய்னியாகச் சேர விரும்புகிறேன். டெக்னிக்கல் நேர்காணலை நினைத்தால் பயமாக இருக்கிறது, ஆங்கிலமும் தடுமாறுகிறது. எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
– மாணவர், நாமக்கல்

பதில்: அரியரைப் பற்றிய கவலையை முதலில் ஒதுக்கிவைக்கலாம். பல நிறுவனங்களின் அறிவிப்பில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும் என்றும், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்றும் இருக்கும். நிலுவையில் இருப்பதும் எழுதித் தேறியதும் ஒன்றல்ல. அரியரே வைத்திருக்கக் கூடாது என்று கேட்கும் சில நிறுவனங்களும் உண்டு என்பதால், அறிவிப்பின் வாசகத்தைக் கவனமாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கேட்டால் மறைக்காதீர்கள்; பணியில் சேரும்போது மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள்.

ரெஸ்யூமேயில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் எதிரில் இருப்பவருக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் கேள்வி. கிரியோ, சாலிட்வொர்க்ஸ், அன்சிஸ் என்று மூன்று மென்பொருள்களை வரிசையாக எழுதிவிட்டு, அன்சிஸில் மெஷ் (கணக்கிடுவதற்காகப் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) அளவை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டவுடன் விழிப்பவர்கள் ஏராளம். ஒன்றுதான் தெரியும் என்றால் ஒன்றை மட்டும் எழுதுங்கள். புராஜெக்டும் அப்படித்தான். நால்வர் சேர்ந்து செய்ததில் உங்கள் கை பட்ட பகுதி எது, அந்த உலோகத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எந்தச் சுமைக்குக் கணக்கிட்டீர்கள் என்று கேட்பார்கள். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

டெக்னிக்கல் பகுதிக்கு எட்டு செமஸ்டர் பாடங்களையும் புரட்ட வேண்டியதில்லை. உற்பத்தி நிறுவனத்துக்குப் போகிறவர் டிராயிங் படிப்பதில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. மாணவர்கள் அதிகம் சறுக்குவதும் அங்கேதான். ஒரு பொருளின் மேல், முன், பக்கத் தோற்றங்களைத் தாளில் எங்கே வைப்பது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. இந்திய டிராயிங்குகள் பெரும்பாலும் முதற்கோண வீழல் முறையிலும், அமெரிக்க நிறுவனங்களின் டிராயிங்குகள் மூன்றாங்கோண முறையிலும் வரும். எது என்பதை டைட்டில் பிளாக்கில் உள்ள குறியீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தது டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு. 25 மி.மீ. துளைக்கு எச்7 (H7) என்ற டாலரன்ஸ் குறியீடு இருந்தால், அது 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். அதில் செருகும் ஷாஃப்டுக்கு ஜி6 (g6) என்றால் 24.980 முதல் 24.993 வரை, எனவே எப்போதும் சிறிது இடைவெளி இருக்கும், ஷாஃப்ட் நகரும். அதே இடத்தில் பி6 (p6) என்று போட்டால் ஷாஃப்ட் 25.022 முதல் 25.035 வரை வந்துவிடும். துளையைவிட எப்போதும் பெரிது என்பதால் பிரெஸ் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த ஷாஃப்டை எதனால் அளப்பீர்கள் என்ற கேள்வி வரும். கல்லூரிப் பட்டறையில் நீங்கள் பிடித்த வெர்னியரின் மீச்சிற்றளவு (அதனால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ.; ஜி6 அனுமதிக்கும் வேறுபாடோ வெறும் 0.013. வெர்னியர் உதவாது. சாதாரண 0.01 மி.மீ. மைக்ரோமீட்டரும் இதற்குக் கரடுமுரடானதே. உற்பத்தி லைனில் ஆயிரக்கணக்கில் வரும் ஷாஃப்டுகளை கோ, நோ-கோ கேஜ் (ஒரு பக்கம் ஷாஃப்டில் நுழைய வேண்டும், மறுபக்கம் நுழையக் கூடாது என்ற அளவுகோல்) கொண்டு சோதிப்பார்கள் என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் சங்கிலியாகப் படியுங்கள். மைல்டு ஸ்டீலின் ஸ்ட்ரெஸ்–ஸ்ட்ரெயின் வரைபடத்தை வரைந்தால் போதாது. வார்ப்பிரும்புக்கு அது எப்படி மாறும், லேத் பெட்டை ஏன் வார்ப்பிரும்பில் வார்க்கிறார்கள் என்பது வரை போக வேண்டும் (அதிலுள்ள கிராஃபைட் தகடுகள் அதிர்வை உள்வாங்குவது ஒரு முக்கியக் காரணம்). தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த அடிப்படையிலிருந்து யோசித்துப் பார்க்க அனுமதி கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஆங்கிலத்துக்கு இப்போது புதிதாக இலக்கண வகுப்பில் சேர வேண்டாம். உங்கள் புராஜெக்டை மூன்று நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லி, கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். தடுக்கும் இடங்களில் சொற்றொடரைச் சிறிதாக்குங்கள். மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்ததும் மீண்டும் முதல் வரிக்கே போய்விடுவார். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பயிற்சி.

கேள்வி: பொதுத்துறை நிறுவனங்களில் சேர, கேட் (GATE) என்ற பொறியியல் தகுதித் தேர்வு எழுதினால் போதுமா? மதிப்பெண் எத்தனை ஆண்டுகள் செல்லும்?
– மாணவி, திருச்சி

பதில்: கேட் மதிப்பெண் முடிவு வெளியானதிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும். ஆனால் அதை நம்பிக் காலம் தாழ்த்தாதீர்கள்; பொதுத்துறை நிறுவனங்கள் தம் அறிவிப்பில் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் கேட் மதிப்பெண்ணையே பெரும்பாலும் கேட்கின்றன. தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொது ஆப்டிட்யூடுக்கு. அந்தப் பதினைந்தை அலட்சியப்படுத்துவது நம் மாணவர்களின் பழைய வழக்கம். என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி. போன்றவை கேட் வழியாக ஆள் எடுத்திருந்தாலும், ஒவ்வொரு நிறுவனமும் தனி அறிவிப்பு வெளியிடும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: கேம்பஸில் தேர்வாகவில்லை. அப்ரன்டிஸாகச் சேர்ந்தால் ஓராண்டு வீணாகுமா?
– பட்டதாரி, ஈரோடு

பதில்: வீணாகாது. 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபோது பட்டதாரிகளும் அதற்குள் வந்தனர். இந்தப் பயிற்சியை நடத்தும் அப்ரன்டிஸ் பயிற்சி வாரியத்தின் தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி, முடிவில் சான்றிதழ். பயிற்சி தந்த நிறுவனம் உங்களுக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். அந்த ஓராண்டில் எந்த மெஷினில் என்ன கோளாறு வந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த நேர்காணலில் அனுபவம் பற்றிக் கேட்கும்போது சொல்வதற்கு உங்களிடம் விஷயம் இருக்கும். வேலைக்காகவோ பயிற்சிக்காகவோ யாராவது முன்பணம் கேட்டால் அங்கே நிற்காதீர்கள். பாண்ட் பத்திரம் நீட்டினால், எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு தொகை என்பதைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.