மீட்டர் முன்னால் அச்சான பழைய ரோலெக்ஸ்: விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: நான் ஹட்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மாமனார் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குப் புறப்பட்ட பெரிய துரை தம் ரோலெக்ஸ் சப்மரைனர் கைக்கடிகாரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு ஆழம்வரை தண்ணீரைத் தாங்கும் என்பதை டயலில் ‘200 மீ = 660 அடி’ என்று மீட்டரை முன்னால் போட்டு அச்சடித்திருக்கிறது. அது அபூர்வம், ஐம்பது இலட்சம் போகும் என்கிறான் மகன். கண்டியில் ஒரு கடைக்காரர் ஆறு இலட்சம் ரூபா தருகிறாராம். அல்லது 25,000 ரூபாவுக்கு மங்கிய டயலைப் புதிதாக எழுதித் தருவதாகவும், அதன்பின் நல்ல விலைக்கு விற்கலாம் என்றும் சொல்கிறார். மகளின் பட்டப்படிப்புக்கு அடுத்த வருடம் பணம் வேண்டும். நகையை அடகு வைத்துச் சமாளித்துவிட்டு, கடிகாரத்தை இன்னும் சில வருடம் வைத்திருக்கலாமா?

பதில்: டீச்சர், அந்த 25,000 ரூபா வேலைக்கு எந்தக் காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். இந்த வகைக் கடிகாரத்தில் விலையின் பெரும்பகுதி அந்த மங்கிய டயலில்தான் இருக்கிறது. மேலே புதிதாக அச்சடித்துவிட்டால் பார்க்கப் பளபளக்கும், ஆனால் நல்ல விலை கொடுக்கக்கூடிய சேகரிப்பாளர் விலகிப் போய்விடுவார். அழிந்த அச்சைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. கடிகாரத்தின் உலோக உறையைத் தீட்டிப் பளபளப்பாக்குவதும் வேண்டாம்.

மகன் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. பழைய ரோலெக்ஸ் டயல்களில் பலவற்றை வெளித் தொழிற்சாலைகளே செய்துகொடுத்தன. சிங்கர் என்ற சுவிஸ் நிறுவனம் அவற்றில் ஒன்று. அச்சுத் தகடு மாறும்போது எழுத்தின் பருமனும் ரோலெக்ஸின் கிரீடச் சின்னத்தின் வடிவமும் வரிகளின் இடைவெளியும் சற்றே மாறின. சப்மரைனரில் 1960களின் இறுதிவரை மீட்டர் முன்னால் இருந்தது, அதன்பின் அடி முன்னால் வந்தது. 1680 என்ற மாதிரியில் சப்மரைனர் என்ற சொல்லையே 1970களின் நடுப்பகுதிவரை சிவப்பில் அச்சடித்தார்கள். அந்தச் சிவப்பு டயல்களை எழுத்து நுணுக்கம் பார்த்து ஆறு வகையாகவாவது பிரிக்கிறார்கள், வகைக்கு வகை விலையும் வேறு. உங்களுடையது 5513 என்ற சாதாரண மாதிரியாக இருந்தால், மீட்டர் முன்னால் இருப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை உண்டு, அவ்வளவுதான். வருடக்கணக்கில் வழக்கமாக வந்த டயல் அது. மகன் இணையத்தில் பார்த்தது விற்பவர் கேட்கும் விலையாக இருக்கும். உண்மையில் விற்று முடிந்த ஏல விலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2017இல் நியூயோர்க்கில் ஒரு ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் போனது, அது நடிகர் போல் நியூமனின் சொந்தக் கடிகாரம் என்பதால். அதை வைத்து நம் வீட்டுக் கணக்கைப் போடக்கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடிகாரத்தைச் சில நிமிடம் விளக்கின் அருகே வைத்துவிட்டு, இருட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் காலத்து டயலில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏறக்குறைய பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே இப்போது ஒளி அநேகமாகச் செத்திருக்க வேண்டும். ஒரு கணம் மினுங்கி அணைந்தால் பயமில்லை. பச்சை நிறத்தில் நெடுநேரம் ஒளிர்ந்தால் பின்னால் யாரோ பூசியிருக்கிறார்கள், அல்லது பழுதுபார்க்கும்போது டயலையே மாற்றியிருக்கிறார்கள். முள்களின் பூச்சும் டயல் புள்ளிகளின் பூச்சும் ஒரே மாதிரிப் பழுத்து வெண்ணெய் நிறமாகியிருப்பது நல்ல அடையாளம். பிறகு, பட்டியைக் கவனமாகக் கழற்றினால் 12 மணிப் பக்கத்தில் மாதிரி எண்ணும் 6 மணிப் பக்கத்தில் தொடர் எண்ணும் தெரியும். தொடர் எண் 1970களின் நடுப்பகுதியைக் காட்டி, டயலில் மீட்டர் முன்னால் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

இதில் நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள். 2021இல் ஜெனீவா ஏலத்தில் ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 30 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து அதை உருவாக்கியிருந்தார்கள் என்று 2023இல் ஒமேகாவே அறிவித்தது. அதனால் துரை எழுதிக் கொடுத்த கடிதம், மாமனார் கடிகாரத்தோடு இருக்கும் தோட்டத்துப் படம், பழைய பற்றுச்சீட்டு, எது கிடைத்தாலும் தேடி எடுத்து வையுங்கள். அந்தக் காகிதங்களுக்கும் விலை உண்டு.

இனிப் பணத்துக்கு வருவோம். என் கருத்து, விற்றுவிடுங்கள். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது, டொலரில் விலைபோகும் கடிகாரம் தங்கத்துக்குச் சமம் என்று பலர் பேசினார்கள். ஆனால் அதே வருட ஆரம்பத்தில் உச்சத்தில் இருந்த பழைய கடிகார விலைகள் பிறகு உலகெங்கும் இறங்கின. கடிகாரம் வட்டி தராது. மலைநாட்டு ஈரத்தில் டயலில் புள்ளி விழும், அலுமாரியில் வைத்தால் திருட்டுப் பயம் வேறு. நகை அடகுக்கு மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டு, விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாத பொருளை வைத்துக்கொண்டு காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் ஆறு இலட்சத்துக்கு அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் டயலை நேராகவும் சாய்வாகவும், எண்களையும், பின்மூடியையும் படமெடுத்து, பெரிய சர்வதேச ஏல நிறுவனங்களுக்கு இணையம் வழியாக அனுப்புங்கள். முதல் மதிப்பீட்டுக்கு அவை பணம் கேட்பதில்லை. தரகுக் கழிவு, காப்புறுதி, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் சுங்கத் திணைக்களத்தில் விசாரியுங்கள். கொழும்பிலும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். யாரிடமும் ‘ஒரு நாள் வைத்துப் பார்க்கிறேன்’ என்ற பேச்சுக்குக் கடிகாரத்தை விட்டுவிட்டு வராதீர்கள். விட்டே ஆக வேண்டுமானால் தொடர் எண்ணும் டயல் படமும் உள்ள, கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

விற்பனை முடியும்வரை மகளின் முதல் வருடக் கட்டணத்தை உங்கள் பணிக்கொடையிலிருந்து ஒதுக்குங்கள், கடிகாரத்தை நம்பி அனுமதிக் கடிதத்தில் ஒப்பமிட வேண்டாம். பணம் வந்ததும் பணிக்கொடையில் எடுத்ததை ஈடுசெய்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொரு தவணைக் கட்டணத் தேதிக்கும் சற்று முன்னால் முதிர்வடையும்படி தனித்தனி நிலையான வைப்புகளாகப் போடுங்கள்.