லீட்ரிமை வென்ற நியூயார்க்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தின் கேலிக் கால்பந்து இறுதிப்போட்டி 1947-இல் நியூயார்க்கில் நடந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். மேலும் தேடிப் படித்தேன். அந்த நகரத்து ஐரிஷ் விளையாட்டுச் சங்கங்கள் கெர்ரி, கேவன், லீட்ரிம் என்று அயர்லாந்தின் பழைய கவுண்டிகளின் (நம் மாவட்டங்களைப் போன்றவை) பெயர்களையே வைத்திருக்கின்றன. கடல் கடந்தும் இந்தப் பிரிவினையா? வெறும் ஊர்ப்பற்றுதானே இது?

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

ஊர்ப்பற்று சரி. ‘வெறும்’ என்கிறீர்களே, அதோடுதான் எனக்குச் சண்டை. கப்பலிலிருந்து இறங்கிய இருபது வயதுப் பையனுக்கு அந்த நகரத்தில் யாரைத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பிராங்க்ஸில் உள்ள கேலிக் பார்க்குக்குப் போனால் சொந்தக் கவுண்டிக்காரர்கள் இருப்பார்கள். தங்க இடமும் கட்டட வேலையும் அங்கே பேச்சுவாக்கிலேயே கிடைத்தன. பந்து நன்றாக உதைக்கிறவனுக்குக் கொஞ்சம் சீக்கிரமே கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

1947 போட்டியில் ஒன்றை விட்டுவிட்டேன். அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தில் மிகக் கொடிய ஆண்டான 1847-க்குச் சரியாக நூறாண்டு கழித்து நடந்த ஆட்டம் அது. கேவன் கெர்ரியை வீழ்த்தியது. அயர்லாந்துக்கான வானொலி இணைப்புக்கு ஒதுக்கிய நேரம் தீரப்போகிறது என்றதும், இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று வர்ணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர் ஒலிபரப்பிலேயே கெஞ்சினார்.

எனக்கு உறுத்துவது வேறு. தாயகம் நொடித்தால்தான் இந்தச் சங்கங்கள் செழிக்கின்றன. அமெரிக்கா 1965-இல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதும் ஐரிஷ்காரர்களின் வரவு குறைந்தது; ஒரு அணிக்கு வேண்டிய 15 பேரைத் திரட்டுவதே பாடாயிற்று. 1980-களில் அயர்லாந்தில் வேலை இல்லை. இளைஞர்கள் விசா இல்லாமலாவது வந்து தங்கினார்கள், அணிகளும் நிரம்பின. பிறகு அயர்லாந்து தலையெடுத்தது. மறுபடி ஆள் பஞ்சம். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நியூயார்க் அணி 1999 முதல் அயர்லாந்தின் கனாக்ட் மாகாணப் போட்டியில் ஆடுகிறது. முதல் வெற்றி 2023-இல்தான் வந்தது. கேலிக் பார்க்கில் பெனால்டி உதைகளில் வென்ற அந்த அணியில் அமெரிக்காவில் பிறந்தவர்களும் இருந்தார்கள். தோற்றது லீட்ரிம். 1841 கணக்கெடுப்பில் சுமார் 1,55,000 பேர் வாழ்ந்த கவுண்டி அது. 2022-இல் ஏறத்தாழ 35,000 பேர்.

லண்டன் அணியும் இதே கனாக்ட் போட்டியில் ஆடுகிறது. 1977-இல் அது பெற்ற முதல் வெற்றியும் லீட்ரிமுக்கு எதிராகத்தான்.