பெட்டகத்தில் வைத்த வெள்ளி ஏன் கறுக்கிறது?

கண்டனூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகளுக்கு வைகாசியில் கல்யாணம். சீர் சாமான் பரப்பிக் காட்ட வேண்டுமே என்று பெட்டகத்தைத் திறந்தால், கொலுசு முதல் சந்தனக் கிண்ணமான பேலா வரை எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. பல வருடமாக யாரும் தொடக்கூட இல்லை. வெள்ளியில் கலப்படமா? புளி போட்டுத் தேய்க்கலாமா?"

பாவம், ஆசாரியைத் திட்டாதீர்கள். சுத்த வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும். காற்றில் துளியூண்டு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் பட்டு, மேல்பரப்பு வெள்ளி சல்பைடாக மாறுகிறது. முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் கருநீலம், கடைசியில் கரி. ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகம். 925 வெள்ளி என்றால் ஆயிரத்தில் மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. அதுவும் தன் பங்குக்கு நிறம் மாறும். அதைச் சேர்க்காமலும் முடியாது, சுத்த வெள்ளி அவ்வளவு மெது.

தினமும் காலில் கிடக்கும் கொலுசு உரசி உரசியே வெளுப்பாக இருக்கும். பூட்டி வைத்ததுதான் கறுக்கும். எதில் சுற்றி வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செய்தித்தாளும் ரப்பர் பேண்டும் என்றுதான் நினைக்கிறேன். குங்குமச் சிமிழின் மூடி கழன்றுவிடாமல் பேண்ட் போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். மற்ற இடம் பழுப்பாக இருக்க, பேண்ட் இருந்த இடத்தில் மட்டும் மையால் கோடு இழுத்ததுபோல் கறுப்புப் பட்டை தெரியும். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள், அதன் வேலை இது. கம்பளித் துணியும் ஆகாது.

புளி பித்தளைக்கும் செம்புக்கும் சரி. வெள்ளி சல்பைடு புளிக்கு மசியாது. நீங்கள் அழுத்தித் தேய்ப்பதில்தான் போகிறது. அந்தக் கறுப்புக்குள் இருப்பதும் உங்கள் வெள்ளிதான், தேய்த்தால் அதுவும் சேர்ந்து போகும். நகாசு வேலையில் பூவிதழின் நரம்புகள்தான் முதலில் மழுங்கும். பற்பசை, பல்பொடியும் இதே கதை. விபூதி பரவாயில்லை, ஆனால் கடையில் வருவதெல்லாம் சாணச் சாம்பல் இல்லை. விரலில் நறநறத்தால் வேண்டாம்.

இப்படிச் செய்யுங்கள். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு கரண்டி உப்பும் கரைத்து ஊற்றுங்கள். சோப்பில் கழுவிய வெள்ளியை அந்தத் தாளைத் தொடும்படி வையுங்கள். தொடாவிட்டால் வேலை நடக்காது. சில நிமிடங்களில் லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். கந்தகம் வெள்ளியை விட்டுப் போகிறது. சல்பைடாக இருந்தது திரும்ப வெள்ளியாகிறது. கறுப்பு தடிமனாக இருந்தால் தாளை மாற்றி இன்னொரு முறை செய்யலாம். இதற்குப் பெயர் மின்வேதியியல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் ஆராய்வது இந்தத் துறையைத்தான். நம் ஊர்க்காரர்கள் புளியோடு மல்லுக்கட்டுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.

கல், முத்து, எனாமல், உள்ளே அரக்கு அடைத்த நகை எதையும் இதில் போடாதீர்கள். வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு நகைக்கும் ஆகாது, வேலைப்பாடே வெளுத்துவிடும். இவற்றைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்தால் அழுக்கு போகும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் பட்டறைக்குத்தான்.

கழுவியதும் ஈரத்தை நன்றாகப் போக்குங்கள். கொலுசுச் சலங்கைக்குள் தண்ணீர் தங்கும். துணியில் உதறி, மின்விசிறியடியில் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் உறையில் காற்றை அமுக்கி எடுத்துவிட்டு மூடுங்கள். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

சாமான் பரப்புவதற்கு இரண்டு நாள் முன்னால் இதைச் செய்தால் போதும். இப்போதே பளபளப்பாக்கித் திறந்து வைத்தால் வைகாசிக்குள் மறுபடி மஞ்சள் தட்டிவிடலாம். கல்யாணம் முடிந்த இரவே பேலாவில் ஒட்டிய சந்தனத்தையும் சிமிழில் மிஞ்சிய குங்குமத்தையும் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.